தொட்டியில் ஊற்றிய மோர்

மே 3, ஞாயிறு

காலையிலேயே அனல். லெட்டூஸ் குளிர்நாட்டுக் கீரை. அதை விளாங்குடி மொட்டைமாடியில், மண்ணே இல்லாமல், குழாயில் ஓடும் சத்துத் தண்ணீரில் வளர்க்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். இலை தளதளவென்று நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஹோட்டலுக்கு முதல் அறுவடை!

வீட்டுக்காரரிடம் சொல்ல மஸ்கட்டுக்கு ஃபோன். எடுக்கவில்லை. கீழ்வீட்டு முத்துலட்சுமி அக்காவிடம் சொன்னேன். தினமும் மாடி ஏறி வருவது அவர் ஒருவர்தான். ஒரு இலையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு இம்புட்டுப் பாடு படுறே?"

மே 6, புதன்

நாளை சமயநல்லூரில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. மதியம் சத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் பாட்டில் போட வேண்டும். தண்ணீர் சூடானால் போச்சு. அக்காவிடம் சாவி. "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்."

மே 8, வெள்ளி

நேற்று திரும்ப நேரமாகிவிட்டது. காலையில் தொட்டியைத் திறந்தால் குப்பென்று புளித்த வாடை. வேரெல்லாம் பழுப்பு, கொழகொழ. இலை துவண்டு கிடக்கிறது.

அக்கா பெருமையாக ஏறி வந்தார். "ஒரு சொம்பு புளிச்ச மோரும் ஊத்துனேன்டி. நம்ம கறிவேப்பிலைக்கு ஊத்துனா எப்படித் தழைக்குது!"

கத்தினேன். "உங்களை யாரு ஊத்தச் சொன்னா? தெரியலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே!"

சாவியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஹோட்டல்காரர் ஃபோனில்: "பரவாயில்லைங்க, வேற ஆள் பாத்துக்கிறோம்."

மே 11, திங்கள்

குழாய் கழுவியாயிற்று. புது விதை ஸ்பாஞ்சில். இன்று யாரிடமும் பேசவில்லை. நேற்றும். சாயங்காலம் மஸ்கட் அழைப்பு: "ட்யூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேன்." அவ்வளவுதான்.

கீழே அக்கா பால்காரரோடு பேசிச் சிரிக்கும் சத்தம். கீரை போனதுகூட மனசில் ஆறிவிட்டது. இது ஆறவில்லை. பாவி, அப்படியா கத்துவேன்.

மே 14, வியாழன்

மூட்டம். விதை முளைத்துவிட்டது. இறங்கிப் போனேன்.

"அக்கா, மேல வாங்க. முளைச்சிருக்கு, பாக்கலாம்."

அரிசி புடைத்துக்கொண்டே, "நான் எதுக்குத்தா? என் கை பட்டா வெளங்காது."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. என் வாய்தான் தப்பு."

"சரி சரி, வாரேன் போ."

மாடியில் நாற்காலி ஒன்று கொண்டுபோய்ப் போட்டேன். டீ போட்டு மூடி வைத்தேன்.

விளக்கு வைத்தாயிற்று, அக்காவைக் காணோம். தூறல் விழுகிறது. நாற்காலியை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.