தோல் வரலாம், கிரீம் வரக்கூடாது

நேற்று மாலை நீச்சல் வகுப்பு முடிந்து வந்த மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டிலிருந்து குளோரின் வாடை எழுந்தது. "தண்ணி சில்லுனு இருந்துச்சாடி?" என்று கேட்டேன். "சால சல்லகா உந்தி, மம்மி" என்றாள். ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். நீ இருந்திருந்தால் இரண்டு மொழியிலும் என்னைக் கேலி செய்திருப்பாய். அவளைச் சாப்பிட வைத்தபிறகும் அந்த வாடை என் கையை விடவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் திருச்சியிலிருந்து ஹைதராபாத் வந்து, ஹப்சிகுடாவில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். நீ மௌலா அலியில், உன் அப்பாவின் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் ஹைதராபாத் உருது. உன் வாயில் இரண்டும் ஒன்றாக வரும். டீம் லீடரைப் பார்த்து நான் நடுங்கிய முதல் வாரமே, "ஏட்டி, கைக்கு இப்படிப் பயந்து சாவுத?" என்று கேட்டாய். 'கைக்கு' என்றால் உங்கள் உருதுவில் 'ஏன்' என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீ ஏன் எப்போதும் முழுக்கை போடுகிறாய் என்று எனக்கு நாலைந்து மாதம் தெரியவில்லை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். எழுந்தபோது என் வெள்ளைத் துப்பட்டாவில் கோதுமை நிறத்தில் ஒரு கறை. உன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. நான் பார்த்ததை நீ பார்த்தாய். "வெண்புள்ளிட்டி. ஒட்டாது, வலிக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மட்டும் ஓடிருவான்" என்று சிரித்தாய். பதினாலு வயதிலிருந்து உன் அம்மா தினமும் காலையில் தோல் நிறத்தில் ஒரு கிரீமைப் பூசி அதை மறைத்துவிட்டுத்தான் உன்னை வெளியே அனுப்புவாராம்.

நீச்சல் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். ஹாஸ்டலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நீச்சல்குளம். காலையில் பெண்களுக்குத் தனி பேட்ச். தண்ணீரில் கரையாது என்று கடைக்காரர் சொன்ன கிரீமை நீ நம்பினாய். மூன்றாவது வாரம் அது கரைந்தது. நம்மோடு நீந்திய ஒரு பெண்மணி உன் கைகளைப் பார்த்துவிட்டு மேலேறி மேனேஜரிடம் போனார். மேனேஜர் கரையில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடம், நீங்கள் வெளியே வாருங்கள். மற்றவர்கள் பயப்படுகிறார்கள்" என்றார்.

நீ ஏறிப் போனாய். ஈரக் காலோடு அந்த நீளமான கரை முழுவதும் நடந்து போனாய். நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். வகுப்பு முடியும்வரை, எல்லோரையும் போலவே, காலை உதைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸில், "நீ ஏன்ட்டி ஏறி வரல?" என்று கேட்டாய்.

"பயந்துட்டேன்."

"ஹவ், ஆமா. தெரியும்" என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் நம் இருவரையும் மெக்சிகோவுக்கு மூன்று மாத வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தபோது நாட்டின் கிழக்குக் கோடிக்குப் போனோம். காட்டுக்குள் தரை வட்டமாக உள்விழுந்து, அடியில் நீலமாகத் தண்ணீர். செனோத்தே என்றார்கள். அங்கே ஆறே கிடையாது என்று நம் வழிகாட்டி சொன்னார். மாயா இனத்தவர். விழுகிற மழையைச் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும். அது பூமிக்கடியில் ஓடும். பாறை இடிந்த இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவருடைய முன்னோர்கள் மழைத் தெய்வம் அதற்குள் இருப்பதாக நம்பி, பச்சைக் கல்லும் மண்பாண்டங்களும் காணிக்கையாகப் போட்டார்களாம். இப்போது நம்மைப் போன்றவர்கள் டிக்கெட் வாங்கிக் குளிக்கிறோம்.

இறங்கும் முன் எல்லோரும் ஷவரில் குளித்தாக வேண்டும். உடம்பில் எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக்கூடாது, தண்ணீர் கெட்டுவிடும். வழிகாட்டி உன் கழுத்தைக் காட்டி, அதையும் கழுவச் சொன்னார். நீ அசையாமல் நின்றாய். முன்னால் இருபது பேர், எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். எனக்கு ஹப்சிகுடா நீச்சல்குளம் ஞாபகம் வந்தது.

கடைசியில் நீ கற்றுக்கொண்டிருந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டாய். "எனக்குத் தோலில் ஒரு பிரச்சினை இருக்கிறது. நான் வரலாமா?" சட்டைக் கையை மேலேற்றித் துடைத்தும் காட்டினாய். அவர் கையைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார். கேள்வி புரியாதவர் போல இருந்தார். பிறகு சொன்னார்: "தோல் வரலாம். கிரீம் வரக்கூடாது."

நீ சிரித்த சிரிப்புக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. ஷவருக்கடியில் பத்து நிமிடம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாய். கழுத்து, இரண்டு கைகள், வலது முழங்கால். உன்னை முழுசாக அன்றுதான் பார்த்தேன். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஈரப் படிகளில் இறங்கினோம். மேலே ஆலம் விழுது போல வேர்கள் தொங்கின. அந்த வட்டம் வழியாக வெயில் ஒரே தூணாகத் தண்ணீரில் நின்றது. நான் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கையில், நீ மேடையிலிருந்து குதித்தாய். வெயிலுக்கு நடுவில் மேலே வந்து, பாறை அதிரக் கத்தினாய்: "இப்ப வெளிய போகச் சொல்லுங்கலே பாப்போம்!" யாருக்கும் புரியவில்லை. நாலு பேர் கைதட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் நீ கிரீமைத் தொடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அரைக்கை ரவிக்கையோடு போய் உட்கார்ந்தாய். அவர்கள் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். உன் அம்மா இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை தோல் டாக்டரிடம், இது தொற்றாது என்று கடிதம் வாங்கிக்கொண்டு நீச்சல்குளத்துக்குப் போனாய். இந்த முறை நானும் வந்தேன்.

"ரூல் இருக்கு மேடம்" என்றார் மேனேஜர்.

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

அவரால் காட்ட முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. தினமும் காலையில் அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில் நாம் இருவரும் துண்டோடு உட்கார்ந்தோம். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் நம்மைத் தாண்டித்தான் போகவேண்டும். இரண்டாவது வாரம் அவர் இறங்கி வந்தார். மதியம் யாரும் இல்லாத நேரத்தில் உனக்கு மட்டும் திறந்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு அது போதும் என்றிருந்தது. நீ எழுந்து நின்றாய். "தனியா நக்கோ. எல்லாரும் வர்ற நேரத்துக்குத்தான் வருவேன்." மறுநாள் காலை உன்னை உள்ளே விட்டார். புகார் சொன்ன பெண்மணி அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். மற்றவர்கள் யாரும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நீ நீந்தாத காலை குறைவு. எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, நான் குளத்துப் பக்கம் போவதை விட்ட பிறகும் நீ விடவில்லை.

பிறகு அந்த மழைக்காலத்தில் டெங்கு. ஆறு நாள். ஏழாவது நாள் காலையில் உன்னை மௌலா அலி வீட்டு ஹாலில் கிடத்தியிருந்தார்கள். ஆட்கள் வரத் தொடங்கும் முன் உன் சித்தி ஒரு கிரீம் டியூபோடு வந்தார். "நாலு பேரு பாப்பாங்க. கழுத்துலயும் கையிலயும் கொஞ்சம் பூசிவிடுவோம்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்."

"நீ யாரும்மா சொல்லதுக்கு?"

"அவகூட நீந்தினவ." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "பூசக்கூடாது. அவ வேண்டாம்னு விட்டது. தொடாதீங்க."

சித்தி உன் அம்மாவைப் பார்த்தார். பதினாலு வயதிலிருந்து உனக்குப் பூசிவிட்ட அம்மா. அவர் எழுந்து வந்து, அந்த டியூபை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "விடு. எம்மவ அவ தோலோடயே போகட்டும்" என்றார். உன்னை அப்படியேதான் எடுத்துப் போனார்கள்.

நீ போனதும் நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். பயம் அப்படியேதான் இருக்கிறது. பேச எழுந்தால் குரல் நடுங்குகிறது. ஆனால் நடுங்குகிறது என்பதற்காக இப்போது உட்கார்ந்துவிடுவதில்லை. போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பக்கத்திலிருந்த கணவர், பேசாதே என்று என் முழங்கையை இடித்தார். எழுந்தேன். என் வீட்டுக்கு வருகிறவருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது, நான்கு மாடி ஏற முடியாது, அவர் லிஃப்டில்தான் வருவார் என்றேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர்கள் முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, அதையே மறுபடியும் சொன்னேன்.

முடிவு எடுக்காமல் தள்ளிவைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.