உங்கள் கடிகாரம் என் கையில்

என்னங்க,

கூப்பிட்டால் "இரு, வர்றேன்" என்பீர்களே, அது கேட்காமல் வீடே பிடிக்கவில்லை. நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. போனவரிடம் என்னத்தைக் கேட்பது?

காலையில் உங்கள் தம்பி வந்தார். கருமாதி முடிந்த கையோடு உங்கள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனவர், இன்று அதை மேசைமேல் வைத்தார். "கெட்டுப்போச்சு அண்ணி. அண்ணனை நல்லா ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரத் தவுக்கே."

எனக்குச் சுருக்கென்றது. மெர்டேக்கா வந்தாச்சு, நாட்டுக்கே சுதந்திரம், துரைமார் மட்டும்தான் கட்டணுமா என்று பண்டார் ஹிலிர் கடையில் அடம்பிடித்து வாங்கினீர்கள். தங்கக் கூடு, தேதி காட்டும் சின்னச் சன்னல், இருட்டில் பச்சையாக ஒளிரும் முள். சாவியே கொடுக்க வேண்டாம், கை ஆடினால் அதுவே முறுக்கிக்கொள்ளும் என்று காஜா பெராங் முழுக்கத் தம்பட்டம் அடித்தீர்கள். தெங்கேரா பஸ்ஸில் கண்டக்டர் வேலை. உங்கள் கை எப்போது சும்மா இருந்தது? உங்கள் தம்பி நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கிறவர். பாவம், அது என்ன செய்யும்?

அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் அதைக் கட்டிக்கொண்டு சம்பல் அரைக்க உட்கார்ந்துவிட்டேன். ஓடியதுங்க! காதில் வைத்துப் பார்த்து அழுதேன்.

"அட, ஓடுதே! கொடுங்க அண்ணி."

"கொடுத்தா மறுபடியும் நின்னுடும்."

அவர் முகம் மாறிவிட்டது. "வளையல் கழட்டின கையில தங்கத்தக் கட்டிகிட்டு வெளிய போவீங்களா? கம்போங் ஜனங்க என்ன பேசுவாங்க? சாயந்தரம் அம்மாவோட வர்றேன். எடுத்து வைங்க."

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டின வாசலையே மறுபடி கூட்டுகிறேன். துவைத்த துணியையே துவைக்கிறேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொன்ன தைரியம். கை ஓய்ந்தால் நின்றுவிடுமோ என்று ஒரு பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னொரு பயம். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "கொடுத்துத் தொலை, தம்பிதானே" என்றா? அப்படித்தான் சொல்வீர்கள். உங்களுக்கு எப்பவும் இளகின மனசு.

எனக்கு இல்லை. வளையலைக் கழற்றிய அன்று நாலு பேர் என் கையைப் பிடித்தார்கள். ஊர் வழக்கம் என்று வாயைத் திறக்காமல் நீட்டினேன். இதற்கு நீட்ட மாட்டேன், அத்தையே வந்து கேட்டாலும். நாளைக்கு உங்கள் பஸ்ஸிலேயே ஏறி பண்டார் ஹிலிர் போகிறேன், கையை முந்தானைக்குள் மறைக்காமல். யாராவது மணி கேட்டால், சொல்வேன்.

இந்த ஒருமுறை உங்கள் பேச்சைக் கேட்காத மனைவி,
சரசு