எல்லாக் கதவும் திறக்கும் சாவிக்கொத்து

செவ்வாய், இரவு. சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல்.

எங்கள் கார் பிளான்ட்டில் கதவுகளைப் படமெடுத்து, பெயின்ட்டில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று 'கன்டெய்னர்' என்னும் தனி உறைக்குள் கிளவுடில் ஓடுகிறது. தொடக்கத்தில் அது அடிக்கடி நின்றுபோனதால், ஒருநாளைக்கு மட்டும் என்று நான்தான் அதற்குப் பிளான்ட் கணினிகள் அனைத்துக்கும் உரிய எல்லா அனுமதிகளும் கொடுத்தேன். இன்று அவற்றைப் பிடுங்கிவிட்டு, படங்களைப் படிக்க மட்டும் விட்டேன். முடிவை எழுதவும் அதற்கு அனுமதி வேண்டும் என்பதை மறந்துபோனேன். பெயின்ட் லைனே நின்றது.

சூப்பர்வைசர் செல்வம் அண்ணன் ஓடிவந்தார். "நல்லா ஓடிக்கினு இருந்தத ஏன்மா நோண்டுன? பழையபடியே வுட்டுடும்மா."

பழையபடியே எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டேன். என்மேலேயே எரிச்சல்.

இப்போது கண் செருகுகிறது. இருட்டான பிளான்ட்டில் அந்த மென்பொருள் சாவிக்கொத்தோடு தனியே நடக்கிறது. கேமரா அறை, ரோபோ, சம்பளக் கோப்பு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்து, எதையும் தொடாமல் மெல்லச் சாத்துகிறது. எவ்வளவு சாதுவான பிள்ளை. வேறு யாராவது வந்து அந்தக் கொத்தைக் கேட்டால் அதையும் சாதுவாகக் கொடுத்துவிடுமோ?

'நாளை கட்டாயம் எடுத்துவிட வேண்டும்' என்று இந்த டைரியில் எழுதப்போனேன். பொங்கலுக்கு முந்தைய பக்கத்தில் இதே வரி, இதே மையில் இருக்கிறது.