டாக்டர் வேஷத்துக்காக வைத்த முடி

கல்பாக்கம்
12.8.2002

அன்புத் தம்பி ராஜாராமுக்கு,

அக்கா வசுமதி ஆசியுடன் எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். நீயும் ஹெலனும் லண்டனில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் செய்திருக்கலாம். நான் வாயைத் திறந்ததும் நீ லைன் சரியில்லை என்பாய், நானும் அழுதுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆடி பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு, கால் வீக்கம். இருதயம் பலவீனமாகிவிட்டதாம். டாக்டர் உன் மாமாவைத் தனியாக அழைத்து, வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் தகவல் சொல்லிவிடுங்கள் என்றாராம். மருந்து அது பாட்டுக்கு நடக்கிறது. சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னோடு தினமும் சண்டை போடுகிறார். சண்டை போடும் வரைக்கும் எனக்கு நிம்மதி.

போன மாதம் ஹெலன் அனுப்பிய வீடியோ கேசட் வந்தது. அதைப் பற்றி எழுதுவதைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நீ கணக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டு நாடகத்தில் சேர்ந்தபோது அப்பா ஒரு வருஷம் உன் பெயரையே எடுக்கவில்லை. லண்டன் டிவியில் உன் முகம் வந்ததும் மனிதர் அடியோடு மாறிவிட்டார். நீ அனுப்பும் கேசட்டுகளை ஓட்டி ஓட்டி, நீ வரும் ஒன்றிரண்டு நிமிஷத்தைத் தேடிப் பிடிப்போம். ஒன்றில் மளிகைக் கடைக்காரன், ஒன்றில் டாக்ஸி டிரைவர், ஒன்றில் போலீஸிடம் உதை வாங்குகிறவன். எல்லாவற்றிலும் உனக்குப் பட்டேல் என்றோ சிங் என்றோதான் பெயர். ஒரு தமிழ்ப் பெயர் வைத்தால் வெள்ளைக்காரனுக்கு வாய் வலிக்குமா என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அம்மாவுக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. நீ செத்துப்போகிற மாதிரி காட்டினால்தான் ஆகாது. உடனே எழுந்து, டிவி பெட்டிக்கே உப்பும் மிளகாயும் சுற்றி, கொல்லையில் நெருப்பில் போடுவாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் நெடி தாங்காமல் இருமுவார்கள். மீன் கொண்டுவரும் மாரியம்மாவும் சில நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்ப்பாள். “இன்னாம்மா, ஒன் தம்பிய இந்தப் படத்துலயும் கொன்னுட்டானுங்களா? ஒரு தபாவாவது கடசி வரிக்கும் வுட்டு வெக்கக் கூடாதா?” என்று அவள் கேட்க, அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

அம்மா கண்மூடிய அன்று நீ ஃபோனில் சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. முதல் தடவையாகப் பெரிய வேஷம், ஆறு வாரத் தொடர் முழுக்க வருகிற டாக்டர், பாதி எடுத்தாகிவிட்டது என்றாய். ஊருக்கு வந்தால் மொட்டையடிக்க வேண்டும், மொட்டைத் தலையோடு திரும்பினால் முன்னால் எடுத்த காட்சிகளோடு ஒட்டாது, வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாய். “இதுக்குத்தான் இத்தினி வருஷமா காத்துகினு இருந்தேன் அக்கா” என்று நீ சொன்னபோது உன் பேச்சில் பழைய ஊர் வாடை அடித்தது.

பிள்ளை இருக்கும்போது புருஷன் கொள்ளி வைப்பதா என்று செங்கல்பட்டுச் சித்தப்பா முணுமுணுத்தார். அப்பா காதிலேயே வாங்கவில்லை. அந்த வயதில் தன் தலையை மழித்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரே செய்தார். சதுரங்கப்பட்டினம் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, அவன் வேலை அப்படி என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்த டாக்டர் கதையைப் பார்த்தோம். ஆறு பாகமும் பார்த்தோம். நன்றாக நடித்திருக்கிறாய்டா. உன்னை யாரும் கொல்லவும் இல்லை. ஆனால் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை உன் தலையில் அந்தப் பச்சைத் துணித் தொப்பி. ஆபரேஷன் செய்யும்போதும் அதுதான், வராந்தாவில் நடக்கும்போதும் அதுதான், கேன்டீனில் டீ குடிக்கும்போதும் அதுதான். நீ மொட்டையோடு நடித்திருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தொப்பி இல்லாத காட்சிகளை வெட்டிவிட்டார்களா, எடுக்கவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீ விளக்கம் எழுத வேண்டாம். ஹெலன் பாவம், ஒன்றும் அறியாமல் ஆசையாக அனுப்பியிருக்கிறாள். சில மாதமாக நீயாக ஃபோன் செய்வதை ஏன் நிறுத்தினாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்பா தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட் முடிந்ததும், “பையன் மொகத்துல ஒரு களை வந்துகீது இல்ல?” என்றார். மறுநாள் காலை உன் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எனக்கு எதுனா ஆச்சுன்னா நீங்களே எல்லாத்தையும் செஞ்சுடுங்க மாப்ள. அவன முடி எடுக்கச் சொல்லாதீங்க. அவன் பொழப்புக்கு அது வேணும்” என்று கேட்டுக்கொண்டார். உன் மாமா தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்? பெற்ற பிள்ளையிடம் இருக்கிற உரிமையை ஒரு அப்பா தானாக விட்டுக்கொடுப்பதை நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை ராஜா.

அதனால் காரியத்துக்கு வா என்று நான் எழுதவில்லை. அதற்கு ஆள் இருக்கிறது. இப்போது வா. இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பு. மீனம்பாக்கத்தில் மாமா வண்டியோடு நிற்பார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, கண் நன்றாகத் தெரிகிறது. நீ மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

உனக்கும் ஹெலனுக்கும் ஒரு குறையும் வராமல், நீ மேலும் மேலும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் வேலை கெட்டுவிடுமே என்று அப்பா உன்னைக் கூப்பிட மாட்டார். நான் கூப்பிடுகிறேன், வந்துவிடுடா.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அக்கா வசுமதி