அம்மா விற்ற சோளம்

அன்பு நண்பா,

உன் முதுகுவலி தேவலையா? நேற்று என்னை மறுபடி தேநீர் குடிக்க வரச்சொன்னார்கள். இருபது வருடமாகப் போகிறேன், தேநீர் என்ற பெயரில் நடக்கும் காவல் துறை விசாரணை எனக்குப் புதிதில்லை. அதிகாரி நியே சூரியகாந்தி விதைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சார், புதுக் கட்டுரையில அரசாங்கத்தைத் திட்டினதை விடுங்க, அது எப்பவும் இருக்கறதுதான். ஆனா செங்து ரயில்வே ஸ்டேஷன்ல உங்கம்மா பன் வித்து உங்களப் படிக்க வெச்சாங்களே, அந்த இடத்துல அழுதுட்டேன் சார்."

தேநீர் சட்டையில் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன் என்று இன்னும் நினைவில்லை.

அந்தக் கட்டுரை எங்கும் வெளியாகவில்லை. கணினியில்கூட ஏற்றாமல், கையால் இரண்டே பிரதிதான் எழுதினேன். ஒன்று என்னிடம். மற்றது ஆரஞ்சுப் பழப் பைக்குள் ஒளித்து வைத்து உனக்குக் கொடுத்தது.

கொடுத்த மறுநாள்தான் அக்கா ஞாபகப்படுத்தினாள்: அம்மா விற்றது பன் இல்லை, அவித்த சோளம். என் பிரதியில் அப்போதே அடித்துத் திருத்தினேன். உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

உன் பிரதியிலும் திருத்திவிடு. முடிந்தால் அவர்களுடையதிலும்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் உன்னோடு சதுரங்கம் ஆடியவன்