போத்தல் அறையின் இணைப்புப் பெட்டி

இன்று காலை மகள் வீட்டில் ஏசி பூட்ட வந்தவர்கள் புது வயர்ச் சுருளை அவிழ்த்தார்கள். அந்த றப்பர் மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இரண்டு நோன்புக் காலம் கடந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் என்னிடம் கிடக்கிறது.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் நாம் அறுகம்பே விடுதியில் செய்த வேலை அது. வெள்ளைக்காரர்கள் குடிக்கும் வைன் போத்தல்களுக்காக முதலாளி ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். குளிரூட்டியின் ஒரு பாதி அறைக்குள், மறுபாதி சுவருக்கு வெளியே. குழாய் வேலை உனது, கரண்ட் வேலை எனது. தனி பிரேக்கர், வெளியே ஒரு சுவிட்ச், இரண்டு பாதிகளையும் இணைக்கும் வயர், எர்த் என்று எல்லாவற்றையும் தாளில் வரைந்து மூன்று தரம் சரிபார்த்திருந்தேன்.

"மச்சான், நீ வயர் இழுக்கிறியா, காணி உறுதிப்பத்திரம் எழுதுறியா?" என்று சிரித்தாய். ஹராமான சாமானுக்கு வேலை செய்யலாமா என்று நான் தயங்கியபோது, "நாம குளிராக்குறது அறையத்தான்" என்றாய். ஆனால் போத்தலைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம்.

அதில்தான் பிழை வந்தது. போத்தல்களை எடுத்துவைக்க வந்த விடுதிப் பணியாள் பாதி அலமாரியைக் காலி செய்துவிட்டு மீன் வாங்கப் போனவர் திரும்பவில்லை. வயர்கள் சேரும் இணைப்புப் பெட்டிக்கு நான் தாளில் குறித்த இடம் மீதிப் போத்தல்களுக்குப் பின்னால் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெறுமையாகத் தெரிந்த சுவரில் பெட்டியை அடித்து வேலையை முடித்துவிட்டேன்.

ஊர் திரும்பும் வழியில், கோமாரிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்த எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அங்கேதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்கு நேர் மேலே குளிரூட்டியின் தண்ணீர் வடியும் குழாயின் மூட்டு. அது கசிந்தால் நீர் பெட்டிக்குள் இறங்கும். காலையில் அந்தப் பணியாள் வெறுங்காலுடன் அறைக்குள் போவார். ஆனால் திரும்பிப் போனால் அன்று ஊருக்கு பஸ் இல்லை. பொழுதுபட்டும் வராத ஆண்களுக்காக வீடுகள் அழத் தொடங்கிய காலம் அது.

"என்ன மச்சான், முகம் வெளிறிக் கிடக்கு? ஆமிக்காரன் உன்னத்தான் புடிப்பான்."

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கா இப்பிடி வேர்க்குது?"

சொன்னேன். நீ சிரிக்கவில்லை. பஸ்ஸில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் இரண்டு வீட்டுக்கும் செய்தி சொல்லிவிட்டு, விடுதிப் பக்கம், பொத்துவிலுக்குப் போன லொறியை மறித்தாய். ஏறி அமர்ந்ததும், "பயப்படுறது பிழையில்ல மச்சான். வாயத் தொறந்து பயப்படு" என்றாய்.

மெயினை நிறுத்திப் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். உள்ளே நீர் முத்துமுத்தாக நின்றது. பெட்டியை மாற்றப் போத்தல்களை எடுக்க வேண்டும். பணியாளோ வீட்டுக்குப் போயிருந்தார். நான் அசையாமல் நின்றேன். நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் போத்தலைத் தூக்கினாய்.

"கை கழுவினாச் சரி. அந்த மனிசன் செத்தா எதால கழுவுற?"

பிறகு நானும் தூக்கினேன்.

பெட்டியை மாற்றி முடித்தபோது முதலாளி வாசலில் நின்று யாருடைய பிழை என்று கேட்டார். "குழாய் வெச்ச இடம் பிழை முதலாளி, என்ட வேலதான்" என்றாய். அவர் ஏசியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டாய். அதன் பின் அவர் உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் போனேன்.

அன்றிலிருந்து, வேலையில் ஒரு சந்தேகம் வந்தால், கேட்பவர் சிரித்தாலும் சொல்லிவிடுவேன். என் வேலையால் ஒருவருக்கும் கரண்ட் அடித்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த நிம்மதி நீ தந்தது. ஒன்றை மட்டும்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலாளி இன்னும் உயிரோடு இருக்கிறாராம். நாளை விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு பொத்துவில் பஸ் ஏறப் போகிறேன், பெட்டியை அந்த இடத்தில் அடித்தவன் நான் என்று அவரிடம் சொல்ல.