மயிலனுக்குக் காயடித்த பிறகு

சித்திரை 4, திங்கள்

காலையிலேயே வெயில். மிளகாய் காயப் போட்டாயிற்று.

மயிலன் மறுபடியும் பாக்கியம் அக்கா பசுமேல் ஏறிவிட்டான். காயடித்து ஒரு மாதம் ஆகிறது! வேலியில் நின்று அக்கா ஒரே கத்தல்: "இதுதான் நீங்க காயடிச்ச லட்சணமா?"

மாத்தளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி இழுக்கிற மாடு. வழியில் பசுவைக் கண்டு வண்டியைக் கவிழ்த்தால் எஸ்டேட் வேலை போச்சு. பிறகு சோற்றுக்கு?

இவருக்கு மயிலன் என்றால் உயிர். இரண்டு வருடம் ஊருக்கே பொலிகாளையாக இருந்தவன், காயடிக்க மனமே இல்லை. காயடிக்க வந்த முத்துசாமியிடம் ரகசியமாகச் சொல்லி, சும்மா படுக்கப் போட்டு அவிழ்த்து விட்டிருப்பார்.

செவ்வாய்

இவரிடம் கேட்டே விட்டேன். "நம்பலைன்னா நீயே போய்ப் பாரு புள்ள."

பெண்பிள்ளை நான் மாட்டுக்குப் பின்னால் போய்க் குனியவா? அது தெரிந்துதான் சொல்கிறார். கள்ளச் சிரிப்பு வேறு.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, கருவாடு.

வியாழன்

இவர் நாவுலைக்கு, நெல் ஏற்ற, இரவல் மாட்டோடு. நல்ல சமயம். கீழ் எஸ்டேட்டிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டேன். தடவிப் பார்த்தான். "ஏற்கனவே அடிச்சதுங்கம்மா. நசிஞ்சு போயிருக்கு."

இவனையும் சரிக்கட்டிவிட்டாரா? பேசாமல் அடி என்றேன்.

மயிலன் போட்ட சத்தம். உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டேன்.

சனி

மழை. மயிலனுக்கு வீக்கம், காய்ச்சல். எழும்பவில்லை. இவர் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார்.

"மொத ஆளே சரியாத்தான் செஞ்சிருக்கான். மறுபடி அடிக்கச் சொன்னது யாரு?"

"அப்போ பசு மேல ஏறுச்சுங்களே?"

"பழகின காளைம்மா. கீழ அடிச்சா மூளை உடனே மறந்துடுமா? மாசக்கணக்காகும்."

இவர் மயிலன்மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு

கஞ்சி வைத்தேன். மயிலன் தொடவில்லை. இவரும் சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது.

மத்தியானம் பாக்கியம் அக்கா பசு வேலியோரம் வந்தது. மயிலன் படுத்தபடியே தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி மோந்தான். முன்காலை ஊன்றினான். முடியவில்லை. மறுபடியும் ஊன்றினான்.

இவர் அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "இப்போ யாரைப் புள்ள கூப்பிடப் போற?"